திருவல்லிக்கேணியில் மூன்று வேளைச் சாப்பாடு: மெஸ்ஸா, அம்மா உணவகமா, தள்ளுவண்டியா?

அக்கா மகன் அடுத்த மாதம் சென்னைக்கு வருகிறான். டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்குப் படிக்கப் போகிறான், திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறையும் பார்த்தாகிவிட்டது. அறை எப்படி, தண்ணீர் வருமா, எத்தனை மாடி ஏற வேண்டும் என்று அக்கா ஒன்றுமே கேட்கவில்லை. "மூணு வேளையும் எங்கடா சாப்பிடுவான்?" என்று மட்டும் நாலு தடவை போன் பண்ணிவிட்டாள். சாப்பாட்டுக்கென்று வீட்டிலிருந்து மாதம் 5,000 ரூபாய் வரும், அதற்கு மேல் அவர்களால் முடியாது. அதே தெருக்களில் ஆறு வருடம் மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டவன் நான். அதனால் அவனுக்காக ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்கும் உதவட்டும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயில், இன்னொரு பக்கம் 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி, கிழக்கே நடந்தால் மெரினா, தெற்கே ஜாம் பஜார். இந்தச் சின்ன வட்டத்துக்குள் ஐயர் வீட்டு வத்தக்குழம்பும் கிடைக்கும், பாய் கடைப் பிரியாணியும் கிடைக்கும், ஆந்திரா கோங்குராவும் கிடைக்கும். இத்தனைக்கும் காரணம் மேன்ஷன்கள்தான். வேலை தேடியும் படிக்கவும் வந்த, அறையில் அடுப்பு வைக்க அனுமதி இல்லாத ஆயிரக்கணக்கான ஆண்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே தங்கியதால், அவர்கள் பையில் இருக்கிற காசுக்குத் தோதாகத்தான் கடைகளும் வளர்ந்தன. ஆகவே இங்கே சாப்பாடு கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். எந்த வேளைக்கு எந்தக் கடை என்று தெரியாமல் போனால்தான் மாதக் கடைசியில் கையில் காசும் இருக்காது, உடம்பும் கெட்டுப்போகும்.

அம்மா உணவகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விலையில் இதோடு போட்டி போட எதுவும் கிடையாது. 2013 பிப்ரவரியில் மாநகராட்சி தொடங்கியது, அப்போதும் பிறகு பண்டங்களைச் சேர்த்தபோதும் வைத்த விலைதான் இன்றும்: இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, இரவு இரண்டு சப்பாத்தி பருப்போடு 3 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் நாலு இட்லி, மதியம் ஒரு சாம்பார் சாதமும் ஒரு தயிர் சாதமும், இரவு நாலு சப்பாத்தி, மொத்தம் 18 ரூபாய். மாதத்துக்கு 540. சென்னையில் 540 ரூபாயில் ஒருவன் மாதம் முழுக்க மூன்று வேளை சாப்பிட முடியும் என்பது சாதாரண விஷயம் இல்லை. எனக்கு வேலை போன இரண்டு மாதம் அதுதான் என்னைத் தாங்கியது, அதனால் அதை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஆனால் மூன்று வேளைக்கும், வருடக் கணக்கில், இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அது மட்டும் போதுமா என்றால், போதாது. காய் குறைவு, முட்டை கிடையாது, சுற்றிச் சுற்றி அரிசியும் கோதுமையும்தான். நேரமும் கறார்: காலை 7 முதல் 10, மதியம் 12 முதல் 3, அப்புறம் மாலையில் சப்பாத்தி. பிடித்த பண்டம் முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும், பொங்கல் வேண்டுமென்றால் ஏழரைக்குள் போய் நிற்க வேண்டும். பார்சல் வழக்கம் கிடையாது, டோக்கன் வாங்கி, தட்டோடு அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். எல்லா இடத்திலும் ருசி ஒரே மாதிரி இருக்காது. சமைப்பது அந்தந்தப் பகுதியின் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், ஆகவே கைப்பக்குவம் மாறும். ஒன்றில் சாம்பார் நீர்த்துப் போயிருந்தால் அடுத்த வார்டில் இருக்கிறதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு பண்ண வேண்டும். 2024-ல் பாத்திரங்களுக்கும் பழுதுபார்க்கவும் அரசு 21 கோடி ரூபாய் ஒதுக்கியது, அதற்கு முன்பு போய்ப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள் மறுபடி போய்ப் பார்க்கலாம். காலை வேளைக்கு என் முதல் தேர்வு இதுதான். இட்லி இட்லிதான், அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

இப்போது மெஸ். திருவல்லிக்கேணி என்றாலே மெஸ்தான் என்பார்கள், அது உண்மையும்கூட. அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் வாசலில் மதியம் போய்ப் பாருங்கள், டோக்கன் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் பந்தி எப்போது எழும் என்று நின்றுகொண்டிருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவனுக்கு மெஸ்ஸில் கிடைப்பது ஓட்டலில் கிடைக்காது. இலை போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து, ஒரு பொரியல், ஒரு கூட்டு, அப்பளம், சோறு. குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று சோறு வந்துகொண்டே இருக்கும். நான் போய்க்கொண்டிருந்த மெஸ்ஸில் பரிமாறிய பெரியவர் ஒருவர், இலையைப் பார்த்தே ஆளின் பசியைச் சொல்லிவிடுவார். ஒரு நாள் நேர்முகத் தேர்வில் தோற்றுவிட்டு வந்து குழம்புச் சோற்றோடு இலையை மடிக்கப் போனேன். கையைப் பிடித்து, "தம்பி, ரசம் இன்னும் வரலையே, அதுக்குள்ள எங்க எந்திரிக்கிற?" என்று ஒரு கரண்டி சோறு வைத்து நடுவில் குழி பறித்து மிளகு ரசத்தை ஊற்றினார். அன்று சாப்பிட்ட ரசத்தின் சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மெஸ்ஸில் முழுச் சாப்பாடு இப்போது 100 ரூபாயை ஒட்டி இருக்கிறது, சில இடங்களில் கொஞ்சம் குறைவு, பெயர் பெற்ற இடங்களில் கூடுதல். மூன்று வேளையும் மெஸ் என்றால் நாளைக்கு 200 ரூபாயாவது ஆகிவிடும், மாதம் 6,000. அவனுடைய 5,000-க்குள் அது அடங்காது. அதோடு காலை டிபனுக்கும் இரவு டிபனுக்கும் மெஸ்ஸுக்குப் போவதில் பெரிய லாபமும் இல்லை. மெஸ்ஸின் அருமை மதியச் சாப்பாட்டில்தான் இருக்கிறது, காய், பருப்பு, மோர் மூன்றும் ஒரே வேளையில் கிடைப்பது அங்கேதான். கையில் இருக்கிற காசில் பெரிய பங்கை அந்த ஒரு வேளைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

மாதக் கார்டு விஷயத்தில் மட்டும் கவனம். முன்பணமாகக் கட்டினால் சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். நான் ஒரு மெஸ்ஸில் அப்படிக் கட்டிய மாதம், முதல் வாரம் இரண்டு பொரியல் வந்தது, இரண்டாம் வாரம் ஒன்றானது, மூன்றாம் வாரம் "ஊரில் கோயில் கொடை, பத்து நாள் கடை கிடையாது" என்று ஷட்டரில் ஒரு தாள். திறந்த பிறகு அந்தப் பத்து நாளைக் கழித்துக்கொள்ளச் சொன்னால், மாதம் முடிந்தது, கார்டும் முடிந்தது என்றுவிட்டார்கள். அப்போது என் கையில் வேறு காசு இல்லை. அதனால் ஒரு வாரமாவது தினக் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பார்க்காமல் எங்கேயும் முன்பணம் கட்டக் கூடாது. கட்டினாலும் நாள் கணக்குக் கார்டு வேண்டாம், 30 சாப்பாடு என்று எண்ணிக்கை போட்ட டோக்கன் புத்தகம்தான் வாங்க வேண்டும். அது சாப்பிட்டால்தான் கிழியும். பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் நஷ்டம் இல்லை.

மெஸ்ஸைச் சோதிக்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று எல்லாரும் நன்றாகத்தான் போடுவார்கள். செவ்வாய் அல்லது புதன், மதியம் இரண்டே காலுக்கு மேல் போக வேண்டும். அந்த நேரத்தில் ரசம் சூடாக இருக்கிறதா, பொரியல் மிச்சம் இருக்கிறதா, இல்லை ஊறுகாயைக் கூட வைத்துச் சமாளிக்கிறார்களா, இரண்டாம் தரம் சோறு கேட்டால் பரிமாறுபவர் முகம் எப்படிப் போகிறது, இவ்வளவும் ஒரே நாளில் தெரிந்துவிடும். மோரையும் பாருங்கள். மோரில் கறிவேப்பிலையும் உப்பும் சரியாக இருக்கிற கடையில் மற்றதும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் கடைசியாக வருவதில் கவனம் வைப்பவர்கள் முதலில் வருவதை விட்டுவிட மாட்டார்கள்.

சரி, தள்ளுவண்டி. கையேந்தி பவன் என்று எல்லாரும் சொல்கிற இந்தக் கடைகள் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் தெருமுனைகளில் முளைக்கும். இரவு டிபனுக்கு இதற்கு ஈடு இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன், ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். நான் மூன்று வருடம் ஒரே வண்டிக்கார அக்காவிடம்தான் சாப்பிட்டேன். வண்டியில் ஒரு இட்லிக் கொப்பரை, ஒரு தோசைக்கல், இரண்டு தூக்குவாளி, ஒரு எவர்சில்வர் குடம், அவ்வளவுதான். கொப்பரை மூடியைத் திறந்ததும் ஆவி ஏறி வண்டி விளக்கையே மறைத்துவிடும், அந்த ஆவி அடங்குவதற்குள் ஈரத்துணியோடு இட்லியைத் தட்டில் கவிழ்த்து, துணிமேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து உரித்தெடுப்பார். துணி ஒவ்வொரு ஈட்டுக்கும் மாறும். அதைப் பார்த்துத்தான் அங்கே நிலைத்தேன். நாலு இட்லியும் ஒரு தோசையும் கெட்டிச் சட்னியோடு, 50 ரூபாய்க்குள் இரவு முடிந்துவிடும்.

நான் பார்ப்பது மூன்றே விஷயம்தான். தட்டு கழுவுகிற தண்ணீர் ஒரே வாளியில் இரவு முழுக்க இருக்கிறதா, மாற்றுகிறார்களா. சட்னி அன்று அரைத்ததா (தேங்காய்ச் சட்னி ராத்திரி ஒன்பதுக்கு மேல் லேசாகப் புளித்தால் மத்தியானமே அரைத்தது என்று அர்த்தம்). மூன்றாவது எண்ணெய். போண்டா, பஜ்ஜி, சில்லி சிக்கன் போடுகிற வாணலியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுவென்று இருந்தால் அங்கே இட்லிகூட வேண்டாம் என்று நடந்துவிடுவேன். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போலார் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதால் உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. நமக்கு அதை அளக்க வழியில்லை, நிறமும் நுரையும் வாடையும்தான் நம்மிடம் இருக்கிற அளவுகோல். அதேபோல் கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டித் தந்தால் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தக் கவருக்கும் தட்டில் விரிக்கிற தாளுக்கும் தடை. அறையில் ஒரு சின்னத் தூக்கு வைத்துக்கொள்வது நல்லது, பார்சலுக்குத் தூக்கு நீட்டினால் பெரும்பாலான அக்காக்கள் இன்னொரு கரண்டி சாம்பார் சேர்த்தே ஊற்றுவார்கள்.

டிபன் ஓட்டல்கள் தினப்படிக்கு ஆகாது. ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, 1948-லிருந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கிற ரத்னா கஃபேயில் இட்லி மூழ்க மூழ்கச் சாம்பார் ஊற்றித் தருவதை ஒரு தடவையாவது சாப்பிடாமல் அவன் ஊர் திரும்பக் கூடாது. ஆனால் அங்கே இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி என்று உட்கார்ந்து எழுந்தால் தள்ளுவண்டியின் இரண்டு நாள் காசு போயிருக்கும். சம்பளம் வந்த அன்றும் தேர்வு முடிந்த அன்றும் போகலாம். பில்லில் ஜிஎஸ்டியைப் பாருங்கள்: 2017 நவம்பர் 15 முதல் சாதாரண ஓட்டல்களுக்கு, ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீதம்தான். காம்போசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சின்னச் சதவீதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டுகிற முறை) பதிந்த சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கவே கூடாது, அப்படிப் பதிந்திருப்பதைப் பில்லிலேயே போட வேண்டும்.

பிரியாணி பற்றிச் சொல்லாமல் விட்டால் அவன் என்னோடு பேச மாட்டான். இந்த ஊரில் பிரியாணி வெள்ளிக்கிழமைச் சாப்பாடு, மசூதியில் ஜும்மா தொழுகை முடிகிற நேரத்தில் அண்டாவின் தம் உடைப்பார்கள், அந்த முதல் அண்டாவுக்குத்தான் மணம். நெடுஞ்சாலையிலும் ஜாம் பஜார் பக்கமும் கடைக்குக் குறைவில்லை. காசு கம்மியாக இருந்தால் பீஸ் இல்லாத குஸ்கா வாங்கி, கூட ஒரு அவித்த முட்டை வைத்துக்கொண்டால் போதும். அதே அண்டாச் சோறுதான், அதே கத்திரிக்காய்ப் பச்சடிதான், விலை ஏறக்குறைய பாதி. வாரத்துக்கு ஒரு நாள் மெஸ் சாப்பாட்டுக்குப் பதிலாக இதை வைத்துக்கொண்டால் கணக்கு கலையாது. வாரத்துக்கு மூன்று நாள் என்றால் கணக்கும் கலையும், வயிறும் கலையும், மதியம் மூன்று மணிக்கு நூலகத்தில் தூக்கம்தான் வரும்.

போனில் ஆர்டர் பண்ணுவதை நான் வேண்டாம் என்கிறேன், முழுசாகவே வேண்டாம். கடையில் 100 ரூபாய்க்குக் கிடைக்கிற சாப்பாடு செயலியில் விலை கூட்டிப் போட்டு, பேக்கிங், டெலிவரி, பிளாட்பாரம் கட்டணம் எல்லாம் சேர்ந்து வாசலுக்கு வரும்போது 150-ஐத் தாண்டிவிடும், இரண்டாம் தரம் சோறும் கிடையாது. ஐந்து நிமிட நடையில் ஐம்பது கடை இருக்கிற ஊரில் அதற்கு அவசியமே இல்லை. காய்ச்சல் வந்து கீழே இறங்க முடியாத நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்கும் பக்கத்து அறைக்காரரிடம் சொன்னால் கஞ்சி வாங்கி வந்துவிடுவார்.

சமைத்துச் சாப்பிடுவது? மேன்ஷனில் முடியாது. ஒரு கெட்டில் வைத்துக்கொள்ள விடுவார்கள், இண்டக்‌ஷன் அடுப்பைப் பார்த்தால் எடுத்துவிடச் சொல்வார்கள், கரண்ட் பில் அவர்கள் தலையில். நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் அது தனிக் கணக்கு, அப்போது ஜாம் பஜாரில் சாயங்காலக் காய்கறியும் 1904-லிருந்து இருக்கிற டியுசிஎஸ் (திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்) கடையில் பருப்பும் வாங்கி எல்லாவற்றையும்விட மலிவாகச் சாப்பிடலாம். ஆனால் தேர்வுக்குப் படிப்பவனுக்கு யார் பாத்திரம் கழுவுவது என்கிற சண்டை வேண்டாம். முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

ஆகவே அவனுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. காலை அம்மா உணவகத்தில் இட்லியோ பொங்கலோ, அதோடு டீக்கடையில் ஒரு டீ, 25 ரூபாய். மதியம் மெஸ்ஸில் முழுச் சாப்பாடு, 100. இரவு தள்ளுவண்டி, 40. மொத்தம் 165, மாதம் 4,950. கையைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றால் வாரத்தில் இரண்டு நாள் மதியமும் அம்மா உணவகத்துச் சாம்பார் சாதம், தயிர் சாதம் வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 700 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். அந்த மிச்சத்தில்தான் தினமும் இரண்டு அவித்த முட்டையோ, கடற்கரை வரை நடந்துவிட்டு ஒரு பொட்டலம் சுண்டலோ, இரண்டு வாழைப்பழமோ வாங்கச் சொல்லியிருக்கிறேன். வெறும் இட்லியிலும் சோற்றிலும் ஓட்டினால் ஆறே மாதத்தில் கன்னம் ஒட்டிவிடும், நான் ஒட்டிப்போய் ஊருக்குப் போய் அம்மாவை அழ வைத்திருக்கிறேன்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். "மாமா, நான் பகல் முழுக்க தேவநேயப் பாவாணர் நூலகத்துல இருப்பேன், மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்கு நடந்து வரணுமா?" என்றான். நியாயமான கேள்வி. நூலகம் அண்ணா சாலையில் இருக்கிறது, மெஸ்ஸுக்குப் போகவும் வரவும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் நடையிலேயே போகும். முதலில் அண்ணா சாலைப் பக்கமே ஏதாவது கடை பார்க்கலாம் என்று நினைத்தேன், ஆனால் அங்கே அலுவலகக்காரர்களுக்கான விலை. கடைசியில் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணியது: பதினொன்றரை வரை அறையிலேயே படிக்க வேண்டியது, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நூலகத்துக்குக் கிளம்பினால் திரும்பி வரும்போது நேரே தள்ளுவண்டிதான். முதல் பந்தி என்றால் பொரியலும் தீராது, வரிசையும் இருக்காது. சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கிற நாளில் மட்டும் இன்னும் கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும், அன்று பந்தி முழுக்க வெளியாட்கள்தான் இருப்பார்கள்.

அடுத்த மாதம் ரயிலில் வருகிறான். என் தள்ளுவண்டி அக்கா இப்போதும் அதே முனையில்தான் இருக்கிறார், போன வாரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "உங்க அக்கா மவனா, சரி, அனுப்பு தம்பி, கணக்கு வச்சுக்கிறேன்" என்றார். ஒரு தூக்கு மட்டும் இன்னும் வாங்கவில்லை.